விடர்ஷின்ஸ் வீட்டுக்காரி

அந்தக் கப்பை மொதல்ல மேசையில இருந்து எடும்மா. பைக்குள்ள போட்டுக்கோ. இன்னிக்கு ஒரு நாளாவது அது என் கண்ணுல படாம இருக்கட்டும். மியூரியல் கடையில வாங்கினியா? உன் தலையிலயும் கட்டிட்டாளா! அது சாதாரண காப்பிக் கடையாத்தான் இருந்துச்சு. தெக்க லண்டன் பக்கத்துல இருந்து இந்த மகராசி வந்தா, ஒரு சூனியக்காரி படம் போட்டா, கீழ விடர்ஷின்ஸ்னு எழுதினா. இப்ப கப்பு, துண்டு, சாவிக்கொத்து, நாய்க்குக் கட்டுற கழுத்துத் துணி, எல்லாத்துலயும் அதுதான். அர்த்தம் தெரியுமாடின்னு கேட்டேன். அது ஒரு மாய வார்த்தை எல்ஸ்பெத், கேக்கும்போதே சிலுசிலுங்குது பாருன்னா. சிலுசிலுங்குதாம்! நாப்பது வருஷமா அந்த வார்த்தைய என் முதுகுக்குப் பின்னாடி துப்பின ஊரு இது. இவளுக்குச் சிலுசிலுங்குது.

சரி, நின்னுக்கிட்டே இருக்காத, உக்காரு. அங்க இல்ல, அடுப்புப் பக்கமா வா. உங்க எடின்பரோ கோட்டெல்லாம் இந்தக் கடல் காத்துக்குப் பத்தாது. அந்தக் கதவை மட்டும் தொறக்காத. பாத்ரூம் மாடியில. அந்த ரூம்புல எங்க வீட்டுக்காரர் ஜீம்ஸ் இருக்காரு. இல்லம்மா, தூங்கல. செவ்வாக்கெழமை போயிட்டாரு. இன்னிக்கு ரெண்டு மணிக்கு அடக்கம்.

அட, ஏன் எந்திரிக்கிற? உக்காரு. நீ என்ன செஞ்ச, மன்னிப்புக் கேக்குற? உனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சவளுங்கதான உங்கிட்டச் சொல்லியிருக்கணும். யாரக் கேட்ட? போஸ்ட் ஆபீஸ்லயா? அகராதி ஆபீஸ்ல இருந்து வர்றேன், விடர்ஷின்ஸ்ங்கிற வார்த்தைய இந்த ஊர்ல இன்னும் யாரு பேசுறாங்கன்னு கேட்டிருப்ப. ஜெசிமா சிரிச்சிருப்பாளே. மேட்டுல கடைசி வீட்டுக்குப் போ, அந்த வார்த்தையவே கட்டிக்கிட்டவ ஒருத்தி இருக்கான்னு சொன்னாளா இல்லையா? பாத்தியா. சாவு வீடும்மா, இன்னொரு நாள் வான்னு ஒரு வார்த்தை சொன்னாளா? சொல்ல மாட்டா. சொன்னா நாக்கு தேஞ்சு போயிடும்.

நீ போக வேணாம். நெசமாத்தான் சொல்றேன். காலையில இருந்து இந்த வீட்டு வாசப்படிய மிதிச்ச மொத ஆளு நீதான். என் தங்கச்சி நேன் மட்டும் மாடியில படுத்திருக்கா, அவளுக்கு முட்டி வலி. மீன் சூப்பு கொதிக்குது, குடி. புகை போட்ட மீனு, உருளக்கெழங்கு, பாலு. ஒரு அண்டா வச்சிட்டேன் பழக்கத்துல. எவன் வந்து குடிக்கப் போறான்னு தெரியல.

இதான் பேசுறதப் புடிச்சு வச்சுக்கிற மிஷினா? தீப்பெட்டி மாதிரி இருக்கு. ஓடட்டும், ஓடட்டும். உங்க அகராதியில என்ன போட்டிருக்கு? படி பாப்போம். ம். சூரியன் போற தெசைக்கு எதிரா. எடப்பக்கமாச் சுத்தி. அபசகுனமா. வினையடை. அரிய வழக்கு. அவ்வளவுதானா? அரிய வழக்காம்ல! இதுக்கு எத்தன பேரு உக்காந்து யோசிச்சீங்க? நாலு பேரா? நாலு பேரும் சம்பளம் வாங்குறவங்களா? நல்லாருங்கம்மா.

கோவிச்சுக்காத. நீ சின்னப் பொண்ணு, மேல இருக்கிறவன் போன்னான், வந்துட்ட. ஒண்ணு தெரிஞ்சுக்கோ. எங்க ஊரு கார்விக்குல அந்த வார்த்தை ஒரு நாளும் அரிதா இருந்ததில்ல. சூப்பை எப்படிக் கிண்டுறோம்? வலமா. கடியார முள்ளு போற மாதிரி, சூரியன் போற மாதிரி. விஸ்கி பாட்டில் மேசையில எப்படிப் போகும்? வலமா. புதுசாக் கல்யாணம் ஆன பொண்ணு சர்ச்சுக் கோயிலச் சுத்துறது வலமா. பொணத்தத் தூக்கிக்கிட்டுக் கோயிலச் சுத்துறதும் வலமா. படகு துறையவிட்டுக் கெளம்புறப்பத் திரும்புறது வலமா. இதுல எதையாவது மாத்திச் செஞ்சா, அதான் விடர்ஷின்ஸ். அந்த வார்த்தைய இங்க எவனும் சத்தமாச் சொல்ல மாட்டான். சொல்லிட்டா உடனே இரும்பைத் தொடுவான். ஆணியோ, கதவுக் கீலோ, என்ன கெடைக்குதோ அது. பெரிய பெரிய மீசை வச்சவனுங்க, அலைக்குப் பயப்படாதவனுங்க, ஒரு வார்த்தைக்குத் தாழ்ப்பாளத் தேடி ஓடுவானுங்க. நான் எவ்வளவு சிரிச்சிருக்கேன் தெரியுமா.

இன்னும் இருக்கு, கேளு. கடல்ல போயிட்டுப் பாதிரியார்னு சொல்லக் கூடாது. கறுப்புக் கோட்டுன்னுதான் சொல்லணும். பன்னின்னு சொல்லக் கூடாது. அதுக்கும் ஒரு பேரு வச்சிருக்கானுங்க. ஞாயித்துக்கெழமை அதே கறுப்புக் கோட்டு முன்னாடி போய்க் கையக் கட்டிக்கிட்டு உக்காந்து, நாங்க சாமியத் தவர வேற எதையும் நம்பலன்னு பாடுவானுங்க. வெக்கங்கெட்ட ஜென்மங்க.

எங்க வீட்டுக்காரரா? அவரு மொதல்ல அப்படியெல்லாம் இல்ல. கல்யாணம் ஆனப்ப எல்லாரையும் போலத்தான். நானும்தான். நான் வெளியூரு இல்லம்மா, நாலாவது சந்துல பொறந்தவ. சூப்பை வலமாக் கிண்டித்தான் வளந்தேன். அவருக்குச் சொந்தமா ஒரு படகு, பிரிம்ரோஸ்னு பேரு, பச்சை பெயிண்டு. நம்ம துறை இருக்கே, வர்றப்பப் பாத்திருப்ப, குறுகலானது. உள்ள மொகத்த வச்சுத்தான் படகக் கட்டுவாங்க. கெளம்புறப்ப ஒரு அரை வட்டம் அடிச்சுத் திருப்பித்தான் வாயில் வழியா வெளிய போகணும். நூறு படகு இருந்த காலத்துலயும் நூறும் வலமாத்தான் திரும்பும். அன்னிக்குக் காலையில நல்ல வெளிச்சம். ஏப்ரல் மாசம். பிரிம்ரோஸ் எதிர்ப்பக்கமாத் திரும்புச்சு.

நான் பாக்கல, வீட்டுல இருந்தேன். ஆனா அதப் பத்தி அப்பறம் எங்கிட்டச் சொல்லாத ஆளு இல்ல. ஃபோர்ப்ஸ்னு ஒருத்தன், இப்ப துறைமுகக் கமிட்டித் தலைவரா இருக்கானே, அவன்தான் மொதல்ல பாத்தான். அப்ப எளந்தாரி. சுக்கான் ஒடஞ்சுபோச்சுன்னு நெனச்சு, படகு கட்டுற கல்பாலத்து மேல ஓடிக்கிட்டே கத்துறான். ஜீம்ஸ், ஜீம்ஸ், என்னாச்சு, என்னாச்சுன்னு. இவரு ஒண்ணும் ஆகலைன்னு கைய ஆட்டிட்டுப் போயிட்டாரு. சாயங்காலம் நாலு பேரு வந்து கேட்டானுங்க. ஒண்ணும் இல்ல, அப்படித்தான் திரும்பணும்னு தோணுச்சுன்னாரு. மறுநாளும் அப்படியே. அதுக்கு மறுநாளும். படகுல இருந்த ரெண்டு பேரு நாங்க எறங்கிக்கிறோம்னுட்டானுங்க. எறங்கிக்கோங்கடான்னாரு. அவரும் அவரோட சித்தப்பன் ஒருத்தருமாப் போனாங்க. சித்தப்பனுக்குக் காதும் கேக்காது, எந்தப் பக்கம் திரும்புதுன்னும் தெரியாது.

அங்கதாம்மா வேடிக்கை. அவரு அன்னிக்கே முழுகியிருந்தா இந்த ஊரு மன்னிச்சிருக்கும். பாத்தியா, நாங்க சொன்னோம்லன்னு கண்ணத் தொடச்சுக்கிட்டு, நல்ல மனுஷன் பாவம்னு பேசியிருக்கும். அவரு வலை கொள்ளாம மீனோட வந்தாரு. அதத்தான் அவனுங்களாலப் பொறுக்க முடியல. ஐஸ் போட வரிசையில நின்னா இவரக் கடைசியில தள்ளினானுங்க. வலை பின்னுறவன் வேலை இருக்குன்னான். கடையில நான் போனா பேச்சு நின்னுடும். நான் கதவச் சாத்திட்டு வெளிய வந்ததும் கேக்கும், கிளிங் கிளிங்னு. தராசைத் தொடுவாளுங்க. இரும்புத் தராசு.

இந்த ஊர்ல பாதிப் பேரு ஸ்லேட்டர். அதுல ஆம்பளைங்க முக்கால்வாசி ஜேம்ஸு, எங்க வாயில ஜீம்ஸ். அதனால ஆளுக்கு ஒரு பட்டப்பேரு வச்சாத்தான் கூப்பிட முடியும். சாவு நோட்டீஸ்ல கூடப் பட்டப்பேரு போட்டாத்தான் எந்த ஜேம்ஸ் ஸ்லேட்டர்னு தெரியும். எங்க வீட்டுக்காரருக்கு அப்ப வரைக்கும் பேரு குட்டைன்னு. அந்த வருஷத்தோட அது போச்சு. விடர்ஷின்ஸ்னு ஆச்சு. பொடிசுங்க கூட, விடர்ஷின்ஸ் வர்றாரு, விடர்ஷின்ஸ் வர்றாருன்னு ஓடும். நான் விடர்ஷின்ஸ் வீட்டுக்காரி. ஆக, உங்க அகராதியில வினையடைன்னு போட்டிருக்கீங்களே, இங்க அது ஒரு ஆளும்மா. சட்டை போட்டுக்கிட்டு, டீ குடிச்சுக்கிட்டு, மூக்கு ஒழுகிக்கிட்டு இந்த நாக்காலியில உக்காந்திருந்த ஆளு. எழுதிக்கோ அத.

சவப்பெட்டி செய்யறவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். மூடித் தகட்டுல பட்டப்பேரு போடலாமா, வேணாமா எல்ஸ்பெத்துன்னு. போடுடான்னேன். கொட்டை எழுத்துல போடு. நாப்பது வருஷம் உழைச்சுச் சம்பாதிச்ச பேரு.

ஏன் அப்படித் திருப்பினாருன்னா? நீ கேப்பேன்னு தெரியும். எல்லாரும் கேட்டதுதான். ஒருத்தன் சொன்னான், பிசாசுகிட்ட ஒப்பந்தம்னு. பிசாசு வேற வேலை இல்லாம, இவரு வாங்கின காயலான்கடை எஞ்சினைப் பாத்துதான் ஒப்பந்தம் போட வருமா! ஒருத்தன் சொன்னான், பக்கத்து ஊர்க்காரன்கிட்டப் பந்தயம்னு. பந்தயம் யாராவது ஆயுசு பூரா கட்டுவானா? அந்த மியூரியல் இருக்காளே, அவ சொல்றா, உன் வீட்டுக்காரர் பழைய மதத்துக்காரர், ஏசுவுக்கு முந்தின ஆளு, எனக்குப் பாத்த ஒடனே தெரிஞ்சுதுங்கிறா. கண்ண மூடிக்கிட்டுச் சொல்றா வேற. அவரு ஞாயித்துக்கெழமை தவறாமக் கோயிலுக்குப் போய்த் தூங்கின ஆளு. நான் என்ன சொல்வேனா? திமிருன்னு சொல்லிடுவேன். அந்தாளுக்குத் திமிரும்மா, வேற என்னன்னு. கேட்டவங்களுக்கு அது போதும்.

அப்பறம் ஸ்டெட்ஃபாஸ்ட் போச்சு. ஃபோர்ப்ஸோட தம்பி ஆர்ச்சியோட படகு. பிப்ரவரி மாசம். நாலு பேரு. ஆர்ச்சி தங்கமான பையன், எல்லாத்தையும் முறைப்படி செய்யறவன். அன்னிக்கும் வலமாத்தான் திரும்பிப் போனான். எல்லாரும் பாத்தாங்க. ஃபோர்ப்ஸும் பாத்தான். அதுக்குப் பின்னாடி பிரிம்ரோஸும் போச்சு, எதிர்ப்பக்கமாத் திரும்பி. சாயங்காலம் ஒரே காத்து. பிரிம்ரோஸ் வந்துச்சு, ஸ்டெட்ஃபாஸ்ட் வரல.

இப்ப சொல்லு, மூளை இருக்கிறவன் என்ன நெனப்பான்? வலமாத் திரும்பியும் பிரயோஜனம் இல்லையே, எந்தப் பக்கம் திரும்பினா என்னன்னு நெனப்பானா இல்லையா? நம்ம ஆளுங்க என்ன நெனச்சானுங்க தெரியுமா? ஜீம்ஸுக்கு வர வேண்டிய கேடு வழி தெரியாம ஆர்ச்சி மேல போயிடுச்சாம். கடல் கணக்குத் தப்பா எடுத்துக்கிச்சாம். தூ! கடலுக்குக் கண்ணு தெரியாது, ஆனா இவனுங்க நியாயம் மட்டும் தெரியும் போல.

அந்த ராத்திரியே இவரு திரும்பக் கெளம்பினாரு தேட. அந்தக் காத்துல வேற எந்தப் படகும் போகல. மறுநாள் மத்தியானம் வந்தாரு. ஒரு மீன் பெட்டி மட்டும்தான் கெடச்சுது, மரப் பெட்டி, ஸ்டெட்ஃபாஸ்ட்னு பேரு போட்டது. அதக் கையில வச்சுக்கிட்டுப் பாலத்துல ஏறினாரு. ஃபோர்ப்ஸ் வாங்கினான், அப்படியே கொண்டு போய் எண்ணெய ஊத்திக் கொளுத்தினான். தம்பியோட படகுல இருந்து வந்தது அது ஒண்ணுதான். இவரு கை பட்டுச்சுன்னு கொளுத்தினான். இவரு நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. வீட்டுக்கு வந்தாரு. கை ரெண்டும் வெறைச்சுப் போயிருந்துச்சு, நான்தான் பொத்தானக் கழட்டிவிட்டேன்.

தம்பி போன வலி எனக்குத் தெரியாதா? தெரியும். அன்னிக்கு அவன் செஞ்சத நான் ஒண்ணும் சொல்லல. ஒரு நாளு, ஒரு மாசம், ஒரு வருஷம், கோவம் இருக்கும். நாப்பது வருஷம் ஒருத்தன் அதையே பொழப்பா வச்சுக்கிட்டு இருந்தா அதுக்குப் பேரு வலியா? அந்தாளு தெருவுல நடந்தா எதிர்ல வராம சந்துல ஒதுங்குறது, அவரு பேரு மீன் ஏலத்துல வந்தாக் காறித் துப்புறது. இதுக்கு ஒரு தலைவர் பதவி வேற.

நேத்து வந்தாம்மா அந்த ஃபோர்ப்ஸ். நீ உக்காந்திருக்கிற அதே நாக்காலி. தொப்பியக் கையில வச்சுக்கிட்டு, கூடக் கமிட்டிக்காரனுங்க ரெண்டு பேரு, இஞ்சி தின்ன மூஞ்சியோட. டீ போட்டுக் குடுத்தேன், அது வீட்டு மரியாதை. தொண்டையக் கனைச்சுக்கிட்டு ஆரம்பிக்கிறான். எல்ஸ்பெத், பழசெல்லாம் வேணாம். நாங்க எல்லாரும் வர்றோம். தூக்க ஆளு, கயிறு புடிக்க ஆளு, எல்லாம் நாங்களே. ஊரே வரும். ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யி. ஜீம்ஸக் கோயிலச் சுத்தி வலமாக் கொண்டு போ. கடைசியா ஒரு தடவையாவது அவன் சரியாத் திரும்பினான்னு ஊரு பாக்கட்டும். அதோட எல்லாம் தீந்துபோச்சுங்கிறான்.

மாட்டேன்னு சொன்னா? மாட்டேன்னு சொன்னா எவனும் வரமாட்டான். அதையும் மரியாதையாத்தான் சொன்னான். உனக்குப் புரியுதா அது என்னன்னு? எங்க பக்கம் பொணத்தக் குழியில எறக்குறது கூலி ஆளு இல்லம்மா. பெட்டியச் சுத்தி எட்டுக் கயிறு. எட்டும் மனுஷங்க கையில. யாருக்கு எந்தக் கயிறுன்னு முன்னாடியே சீட்டுக் குடுத்துச் சொல்லிடுவாங்க. அதக் கையில வாங்கிட்டு வராம இருந்தவன் இந்த ஊர்ல கெடையாது. பொண்டாட்டியக் கூட விட்டுட்டுப் போவான், கயிற விடமாட்டான். எட்டுப் பேரு இல்லாம எறக்கினா, அந்தாளுக்கு எட்டு மனுஷன் கூட இல்லன்னு அர்த்தம். அதத்தான் ஃபோர்ப்ஸ் தொப்பிய உருட்டிக்கிட்டே சொல்றான்.

நான் என்ன சொன்னேனா? டீ ஆறிப்போச்சு, குடிச்சுட்டுக் கெளம்புங்கன்னேன். பாதிரியாரு கூட அப்பறம் வந்தாரு. புதுசா வந்தவரு, சின்னப் பையன். எந்தப் பக்கம் சுத்தினா ஆண்டவருக்கு ஒண்ணும் இல்ல மிஸஸ் ஸ்லேட்டர், ஆனா ஒத்துமைக்காகன்னு இழுத்தாரு. ஆண்டவருக்கு ஒண்ணும் இல்லேன்னா எனக்கும் ஒண்ணும் இல்ல, எதிர்ப்பக்கமாப் போலாம் வாங்கன்னேன். டீ கூடக் குடிக்காமக் கெளம்பிட்டாரு.

ஆமாம்மா, புடிவாதம்தான். ஊரே வர்றேங்கிறப்ப ஒரு சுத்து வலமாச் சுத்தினா என்ன கொறைஞ்சு போச்சுன்னு நீயும் நெனக்கிற. நேனும் காலையில அதான் கேட்டா. கொறஞ்சுதான் போகும். இரு, சொல்றேன். இன்னும் ரெண்டு கரண்டி ஊத்திக்கோ. எலும்பு இருக்காது, நான் பாத்துத்தான் போட்டேன்.

எத்தன பேரு தேறினாங்கன்னு கேளு. தலைமாட்டுக் கயிறு எனக்கு. பொம்பளைங்க கயிறு புடிக்கிற வழக்கம் இல்லன்னு ஒருத்தன் சொன்னான். ஆம்பளைங்க வந்தா நான் ஏண்டா புடிக்கிறேன்னேன். நேன் ஒண்ணு. அபெர்டீன்ல இருந்து அவ பசங்க ரெண்டு பேரு, கார்ல வந்துக்கிட்டு இருக்கானுங்க. அப்பறம் ரொடெல்னு ஒரு பையன், பிலிப்பீன்ஸ்காரன், அவனும் அவன் சிநேகிதனும். யாரு படகுல வேலை பாக்குறானுங்க தெரியுமா? ஃபோர்ப்ஸ் படகுல! போகாதடான்னு சொல்லியிருக்கான் மொதலாளி. ரொடெல் சொன்னானாம், அந்தத் தாத்தா எனக்குக் குளிருக்கு ஸ்வெட்டர் குடுத்தாரு, நான் போவேன், வேலைய விட்டு எடுக்கிறதுன்னா எடுத்துக்கோன்னு. பூமிக்கு அந்தப் பக்கத்துல இருந்து வந்தவனுக்கு இருக்கிற நெஞ்சு, நாலு சந்து தள்ளி இருக்கிறவனுக்கு இல்ல. ஏழாவது நம்ம மியூரியல். ஆமா, அவதான். நேத்து அழுதுக்கிட்டே வந்து நானும் புடிக்கிறேன்னா. போட்டோ எடுக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் சரின்னேன். அசடுதான். ஆனா வந்தா பாரு.

ஒண்ணு கொறையுது. கால்மாட்டுக் கயிறு.

எவ்வளவு ஒசரம் நீ? கையக் காட்டு. பேனா புடிக்கிற கைதான், பரவால்ல. ஒண்ணும் கனமில்லம்மா, எட்டுப் பேரு சேந்து விடுறது, மெதுவா விட்டுக்கிட்டே வந்தாப் போதும். சறுக்குற மாதிரி இருந்தா ரெண்டு விரல்ல ஒரு சுத்துச் சுத்திக்கோ. என்ன, பயமா இருக்கா? தெரியாத ஆளுன்னா என்ன? தெரிஞ்ச ஆளுங்க லட்சணம்தான் பாத்தியே.

அது சரி, நீ படிச்ச பொண்ணு, சரியாத்தான் கேக்குற. தலைமாட்டுல பொண்டாட்டி, கால்மாட்டுல பிள்ளை. அது பிள்ளை புடிக்கிற கயிறுதான். எங்களுக்கும் ஒரு பொண்ணு இருந்தா. எஃபின்னு பேரு. ஏழு வயசு. இடுப்பெலும்புல சீழ் வச்சுது, ஆஸ்பத்திரியில மார்ல இருந்து கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மேல ரூம்புல, இப்ப நேன் படுத்திருக்காளே, அங்க ஜன்னலோரமாக் கட்டில். பொரள முடியாது, எந்திரிக்க முடியாது. தலையணைய ஒசத்தி வச்சா ஜன்னல் வழியாத் துறை மட்டும் தெரியும். அப்பா போறப்ப எனக்கு மூஞ்சி தெரியல, முதுகுதான் தெரியுதுன்னு ஒரு நாள் அழுதா. தெரியாதுதான். கோயில் அந்தக் கரையில, நம்ம வீடு இந்தக் கரையில. வலமாத் திரும்புற படகு கோயிலப் பாத்துட்டுப் போகும். எதிர்ப்பக்கமாத் திரும்பினா, அரை வட்டத்துல நேரா நம்ம ஜன்னலுக்கு மூஞ்சி வரும்.

மறுநாள் அப்படித் திருப்பினாரு. தொப்பியக் கழட்டி ஆட்டினாரு. நான் பாலக் காச்சிக்கிட்டு இருக்கேன், மேல இருந்து ஒரே சிரிப்பு. அவ்வளவுதாம்மா. அதான் அர்த்தம்.

அடுத்த வருஷம் போயிட்டா. ஆர்ச்சி படகு போச்சே, அதுக்கு முந்தின இலையுதிர் காலத்துல. எல்லாரும் அடக்கத்துக்கு வந்தாங்க, அழுதாங்க, எட்டுக் கயிறுக்கும் ஆளு இருந்துச்சு. மறுநாள் காலையில பிரிம்ரோஸ் எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாக்க நானே மேல போய் நின்னேன். இந்தப் பக்கமாத்தான் திரும்புச்சு. தொப்பியக் கழட்டினாரு. படகை விக்கிற வரைக்கும் ஒரு நாள் தவறினதில்ல. வெறும் ஜன்னலுக்குத்தான்.

ஏன் சொல்லலையா? யாருகிட்ட? பிள்ள படுக்கையில கெடக்குதுன்னு ஊருக்கே தெரியும். படகு எந்தப் பக்கம் திரும்புதுன்னும் ஊருக்கே தெரியும். ரெண்டையும் சேத்துப் பாக்க ஒருத்தனுக்குக் கூட மூளை இல்ல. ஆர்ச்சி போனப்ப நான் சொல்லிடுறேன்னு கெளம்பினேன். அவரு கையப் புடிச்சுக்கிட்டாரு. வேணாம் எல்ஸ்பெத், என்னைத் திட்டட்டும், சொன்னா நாளைக்கே அந்த நாலு சாவையும் அவ தலையில வச்சுடுவானுங்க, என் பொண்ணு பேரு அந்தப் பாலத்துல அடிபடக் கூடாதுன்னாரு. அப்பறம் நான் வாயத் தொறக்கல. இப்ப அவரும் இல்ல.

மிஷினு ஓடுதா? நிறுத்து. இது உங்க அகராதிக்கு இல்ல. உனக்கு மட்டும். கயிறு புடிக்கிறவளுக்குத் தெரியணும்ல, அதான் சொன்னேன்.

கார் சத்தம் கேக்குது, பசங்க வந்துட்டானுங்க போல. உன் கோட்டு வேணாம், நேனோட கறுப்புக் கோட்டு ஒண்ணு ஆணியில தொங்குது பாரு, அதப் போட்டுக்கோ. கோயிலுக்குப் பின்னாடி, கடல் பக்கத்து மூலையில திரும்புறப்ப நம்ம வீடு நேரா வரும், எதிர்ப்பக்கமாச் சுத்தினாத்தான் பெட்டியோட கால்மாடு அந்தப் பக்கமா, அவரு மூஞ்சி ஜன்னலப் பாத்து இருக்கும். அங்க ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லியிருக்கேன். ஏன்னு அவனுங்களுக்குச் சொல்லல. ஜன்னலத் தொறந்துதான் வச்சிருக்கேன். நின்னதும் நீ பயந்து நடந்துடாத, என்ன? நில்லு.